நெல்லு வயல்ல யாரு யாரைத் திங்குறாங்க: நடவுலேர்ந்து அறுப்பு வரைக்கும் நீங்களே நின்னு பார்க்க ஒரு முழு வழிகாட்டி

புல்லை வெட்டுக்கிளி திங்கும், வெட்டுக்கிளிய தவளை திங்கும், தவளைய பாம்பு திங்கும், பாம்பை கழுகு தூக்கிட்டுப் போகும்னு அம்புக்குறி போட்டு படம் வரைஞ்சு மார்க் வாங்கினவங்கதான் நம்ம எல்லாரும். ஆனா அந்த அம்புக்குறில ஒண்ணையாவது கண்ணால பார்த்தது யாருன்னு கேட்டா பெரும்பாலும் பதில் வராது. அதைப் பார்க்க காட்டுக்கெல்லாம் போக வேணாம், உங்க ஊர்ல ஒரு நெல்லு வயல் இருந்தா போதும், நூறு நூத்திருவது நாள்ல ஒரு குட்டி உலகமே உருவாகி முடிஞ்சிடும், ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே ஆள் நின்னு பார்க்கலாம்.

நான் மன்னார்குடி பக்கம். குறுவையும் சம்பாவும் பார்த்து வளந்தவன்தான், ஆனாலும் வயலை நின்னு கவனிக்க ஆரம்பிச்சு ஏழெட்டு வருசம்தான் ஆகுது, அதுவும் ஒரு அடி வாங்கின பிறகு. அந்த வருசம் சம்பா நட்டு இருபதாம் நாள் இலை கொஞ்சம் கடிபட்டிருக்குன்னு கடையில கேட்டு மருந்து வாங்கி அடிச்சோம், பயிர் பச்சைப்பசேல்னு நின்னுச்சு, எழுபத்தஞ்சு நாள் வாக்குல நடு வயல்ல வட்டம் வட்டமா நெருப்பு வச்ச மாதிரி காஞ்சு போச்சு, அடித்தண்டுல சாறு உறிஞ்சுற ஒரு சின்னப் பூச்சியால. புகையான். பக்கத்து வயல்ல எங்க பெரியப்பா ஒரு சொட்டு மருந்து அடிக்கல, அவருக்கு ஒண்ணும் ஆகல. ரெண்டு வயலுக்கும் நடுவுல ஒரு வரப்புதான். ஏன் இப்படி ஆச்சுன்னு தேடிப் போனதுலதான் இதெல்லாம் தெரிஞ்சுகிட்டேன், தெரிஞ்சதை எல்லாம் இங்க எழுதுறேன்.

முதல்ல என்னென்ன வேணும்

பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு நோட்டு, பென்சில் (பேனா ஈரத்துல எழுதாது), விலை கம்மியான ஒரு பூதக்கண்ணாடி, வாய் அகலமான கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் டப்பா ரெண்டு, கொசுவலைத் துண்டு, ஒரு வெள்ளைத் தட்டு. கையில ஒரு குச்சி கட்டாயம், வரப்புல நடக்கும்போது முன்னாடி தட்டிகிட்டே போங்க, எலி இருக்குற எடத்துல கண்ணாடி விரியனும் இருக்கும். அதுவும் இந்த உணவு வலையில ஒரு ஆள்தான், ஆனா மிதிச்சிடக் கூடாது.

நேரம் காலைல ஆறரைலேர்ந்து எட்டரைக்குள்ள. வெயில் ஏறிட்டா பாதி பூச்சி தூருக்குள்ள ஒதுங்கிடும். பனி இருக்குற காலைல போனா சிலந்தி வலை எல்லாம் முத்து கோத்த மாதிரி பளிச்சுன்னு தெரியும், கார்த்திகை மார்கழில போய் பாருங்க, இத்தனை வலையான்னு இருக்கும். வாரத்துல ஒரு நாள், அதே கிழமை, அதே வயல். விடாம போறதுதான் முக்கியம், ஒரு நாள் ரெண்டு மணி நேரம் நிக்கிறதை விட பதினஞ்சு வாரம் அரை மணி நேரம் நிக்கிறது எவ்வளவோ மேல்.

படி 1: சேடை ஓட்டுற நாள்லயே போயிடுங்க

எல்லாரும் பயிர் வந்தப்புறம்தான் பார்க்கணும்னு நினைப்பாங்க. இல்ல. சேடை ஓட்ட, அதாவது நடவுக்கு முன்னாடி தண்ணி கட்டி சேறாக்க, டிராக்டர் இறங்குற அன்னைக்கே ஆட்டம் ஆரம்பிச்சிடுது. பின்னாடியே கொக்கு வரும், உண்ணிக்கொக்கு, மடையான், மைனா, ரெட்டைவால் குருவின்னு. டிராக்டருக்கு இதனால லாபமும் இல்ல நட்டமும் இல்ல, கொக்குக்கு மட்டும் சாப்பாடு. மாட்டு ஏர் ஓட்டின காலத்துல மாட்டுக்குப் பின்னாடி வந்த அதே கொக்குதான், மாடு போய் டிராக்டர் வந்தும் அது வழக்கத்தை விடல. எந்தப் பறவை எத்தனை, எதைக் கொத்துதுன்னு எழுதுங்க. மண்புழு, பிள்ளைப்பூச்சி, வண்டோட புழு, நண்டுக் குஞ்சு, எல்லாம் போகும்.

படி 2: முதல் மூணு வாரம் தண்ணிய பாருங்க, பயிரைப் பார்க்காதீங்க

இதுதான் இந்த மொத்த வழிகாட்டிலயும் நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிற எடம், கொஞ்சம் நிதானமா படிங்க.

நட்டு ஒரு வாரம் பத்து நாள்ல வெள்ளைத் தட்டுல வயல் தண்ணிய மொண்டு வச்சு அஞ்சு நிமிசம் அசையாம பாருங்க. தூசி மாதிரி துள்ளுறது சின்னச் சின்ன நீர்ப்பூச்சிங்க. செவப்பு நூல் மாதிரி நெளியுறது கொசு மாதிரியே இருக்குற ஆனா கடிக்காத ஒரு சின்ன ஈயோட புழு. தலைப்பிரட்டை இருக்கும். தட்டானோட குஞ்சு இருக்கும், அது தண்ணிக்குள்ளயே இருந்து கொசுப் புழுவப் புடிச்சுத் திங்கும், கீழ் உதட்டை கை மாதிரி வெடுக்குன்னு நீட்டி இழுக்கும், ஒரு தடவை பார்த்தா மறக்க மாட்டீங்க.

இப்ப கேள்வி என்னன்னா இதெல்லாம் என்ன சாப்பிட்டு வாழுது? பயிர் இன்னும் நாலு இலை கூட சரியா விடல, அதைத் தின்னு வாழ முடியாது. இதுங்களுக்கு சாப்பாடு அழுகுன பழைய நெல்லுத் தாள், மக்குன எரு, பாசி, அதுல இருக்குற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். அந்தக் கடிக்காத ஈ ஆயிரக்கணக்குல புழுவா இருந்து, ஈயாகி, தண்ணிய விட்டு மேல வருது. நெல்லுக்கு அதனால எந்தக் கெடுதலும் இல்ல. ஆனா அந்த நேரத்துலதான் வரப்புலேர்ந்து சிலந்தி வயலுக்குள்ள இறங்கும். அதுக்கு சாப்பாடு வேணும், புகையான் இன்னும் வரல, தண்டு துளைப்பான் இன்னும் வரல. அப்ப சிலந்தி எதைத் தின்னு உயிர் வாழும், எதைத் தின்னு முட்டை வைக்கும்? இந்த ஈயைத்தான்.

பயிரைக் கெடுக்குற பூச்சி வர்றதுக்கு முன்னாடியே அதைத் திங்குற கூட்டம் இந்த உபத்திரவம் இல்லாத ஈயைத் தின்னு பெருகி தயாரா நிக்குது. இந்தோனேசியாவுல ஜாவாத் தீவு நெல் வயல்ல வருசக்கணக்கா எண்ணிப் பார்த்து இதை 1996ல எழுதி வெளியிட்டாங்க. படிச்சப்ப எனக்கு எங்க வயலோட கதைய யாரோ சொல்ற மாதிரி இருந்துச்சு. நாங்க இருபதாம் நாள் அடிச்ச மருந்து கொன்னது புகையானை இல்ல, அது அப்ப வரவே இல்ல. சிலந்தியையும் சிலந்தியோட சாப்பாட்டையும்தான் கொன்னுருக்கு.

அதனாலதான் முதல் 40 நாளைக்கு இலை தின்னுற பூச்சிய பார்த்து மருந்து டப்பாவைத் தொடாதீங்கன்னு சொல்றது. வியட்நாம்ல மெகாங் டெல்டாவுல 1990கள்ல இதையே ரேடியோ நாடகம், போஸ்டர்னு போட்டு சொல்லி, நீங்களே வயல்ல ஒரு ஓரத்துல அடிக்காம விட்டுப் பாருங்கன்னு விவசாயிங்ககிட்டயே விட்டாங்க, மருந்தடிக்கிறது பாதிக்குப் பக்கமா கொறஞ்சுது.

படி 3: இலை கடிபட்டா பயப்படாம ஒரு சோதனை பண்ணுங்க

வயல்ல ஒரு ஓரமா ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குச்சி நட்டு கயிறு கட்டுங்க. நட்ட இருபதாம் நாள் வாக்குல அதுக்குள்ள இருக்குற குத்துல (ஒரே எடத்துல சேர்த்து நட்ட நாத்துக் கொத்து) கால்வாசி இலைய கத்தரிக்கோலால நறுக்கிடுங்க, பூச்சி தின்ன மாதிரி. பக்கத்துலயே இன்னொரு சதுரம் நறுக்காம விடுங்க. அறுப்பப்ப ரெண்டையும் தனித்தனியா அடிச்சு எடை போடுங்க. நான் பண்ணினப்ப பெருசா வித்தியாசம் தெரியல, சின்ன வயசுல பயிர் புதுத் தூர் விட்டு ஈடு கட்டிக்கும். செடியும் சும்மா நிக்கிற தீனி இல்ல, அதுவும் பதில் சொல்லுது, அதையும் நோட்டுல ஒரு உயிரா எழுதுங்க.

படி 4: எண்ணுறது எப்படி

மூணாவது வாரத்துலேர்ந்து வயலுக்கு குறுக்கால மூலைக்கு மூலை நடந்து 20 குத்து பாருங்க. நல்லா இருக்குற குத்தாப் பார்த்துப் பொறுக்கக் கூடாது, பத்து எட்டுக்கு ஒண்ணுன்னு கால் நிக்கிற எடத்துல இருக்குறதை எடுங்க. முதல்ல தொடாம மேல இருந்து பாருங்க, தட்டான் ஊசித்தட்டான் பறக்குறது, இலைமேல காலை நீட்டி ஒட்டிப் படுத்திருக்கிற நீளத்தாடை சிலந்தி. அப்புறம் இலையை ஒதுக்கி நடுப்பகுதி, இலை சுருண்டிருக்கா, முட்டைக் குவியல் இருக்கா. கடைசியா குனிஞ்சு அடித்தண்டு, தண்ணிக்கு ஒட்டி மேல. முக்கியமான சண்டை எல்லாம் அங்கதான் நடக்குது, நின்னுகிட்டு பார்க்குறவங்களுக்கு அது தெரியவே தெரியாது. தண்டை லேசா தட்டுங்க, தண்ணில விழுறதை எண்ணுங்க. விழுந்த உடனே தண்ணி மேல நடக்குற சின்னப் பூச்சி நாலஞ்சு ஓடி வந்து விழுந்ததைச் சுத்திக்கும், அதுங்களும் நம்ம ஆளுதான்.

நோட்டுல மூணு பத்தி போடுங்க. பயிரைத் திங்குறது, அதைத் திங்குறது, ரெண்டும் இல்லாதது. மூணாவது பத்திய யாரும் எழுத மாட்டாங்க, நீங்க எழுதுங்க, ரெண்டாவது படில சொன்ன ஈ அங்கதான் வரும்.

படி 5: ஆளுங்களை அடையாளம் கண்டுக்குறது

அடித்தண்டுல ஓடுற, வலை கட்டாத, முதுகுல முள்ளுக்கரண்டி மாதிரி கோடு இருக்குற சிலந்திதான் ஓநாய் சிலந்தி. ஒரு நாளைக்கு அஞ்சுலேர்ந்து பதினஞ்சு பூச்சி வரைக்கும் திங்கும். முட்டைப்பைய பின்னாடி தூக்கிகிட்டே திரியும், பொரிச்ச குஞ்சுங்களை முதுகுல ஏத்திக்கும், பூதக்கண்ணாடில அந்த முதுகைப் பாருங்க.

பச்சை கறுப்பு கலந்த ஒரு சின்ன நாவாய்ப்பூச்சி இருக்கு, பார்க்க பயிரைக் கெடுக்குற பூச்சி மாதிரியே இருக்கும், நிறைய பேர் அதைப் பார்த்துதான் மருந்தே அடிக்கிறாங்க. அது புகையானோட முட்டையத் தேடித் தேடி உறிஞ்சுறது. புகையான் முட்டைய தண்டுத் தோலுக்குள்ள கீறி வைக்கும், நம்ம மருந்து அதுக்குள்ள போகாது, இந்தப் பூச்சியோட ஊசிவாய் போகும்.

பொறிவண்டு எல்லாருக்கும் தெரியும். செவப்பும் நீலக்கறுப்புமா ஒரு ஒல்லி வண்டு சுருட்டுன இலைக்குள்ளயே பூந்து இலைச்சுருட்டுப் புழுவத் திங்கும், சுருண்ட இலைய பிரிச்சுப் பாருங்க, சில சமயம் புழுவுக்குப் பதிலா அது உக்காந்திருக்கும்.

வெட்டுக்கிளில மட்டும் கவனம். மீசை உடம்பை விட ரொம்ப நீளமா இருந்தா அது இலையும் கொஞ்சம் கடிக்கும், ஆனா தண்டு துளைப்பானோட முட்டைக் குவியலையும் திங்கும். மீசை குட்டையா இருந்தா அது இலை தின்னி. நல்லவன் கெட்டவன்னு ரெண்டா பிரிக்க முடியாத ஆளுங்களும் வயல்ல இருக்காங்க, பிரிக்க முடியலன்னா ரெண்டு பத்திலயும் எழுதுங்க, தப்பில்ல.

தண்டு துளைப்பான் தாய்ப்பூச்சி மஞ்சளா இருக்கும், இலை நுனிகிட்ட பழுப்பு முடி மூடின முட்டைக் குவியல் வைக்கும். அதனாலதான் நடும்போது நாத்து நுனிய கிள்ளிட்டு நடச் சொல்றது. அந்த முட்டைக் குவியல் ஒண்ணைப் பறிச்சு டப்பால போட்டு வலை கட்டி வைங்க. சில நாள்ல புழுவும் வரலாம், எறும்பை விடச் சின்ன குளவிங்களும் வரலாம். குளவி வந்தா, அது முட்டைக்குள்ள முட்டை வச்சு உள்ளயே தின்னு வளந்திருக்கு, அதுதான் ஒட்டுண்ணி. கடையில காகித அட்டைல ஒட்டி விக்கிறாங்களே டிரைக்கோகிரம்மா, அதுவும் இந்த வகைதான், நட்ட 30ம் நாளும் 37ம் நாளும் கட்டச் சொல்வாங்க. அட்டை கட்டிட்டு மறுநாளே மருந்தடிச்சா அந்தக் காசு வீண்.

படி 6: டப்பாக்குள்ள ஒரு சண்டை

பசங்களுக்கு இதைச் செஞ்சு காட்டுங்க. ஒரு தொட்டில ஒரு குத்து நெல்லை வேரோட நட்டு, மேல கொசுவலை கட்டி, உள்ள பத்து புகையான், ஒரு ஓநாய் சிலந்தி விடுங்க. இன்னொரு தொட்டில பத்து புகையான் மட்டும். தினமும் காலைல எண்ணுங்க. இந்தோனேசியாவுல 1989லேர்ந்து நடந்த வயல்வெளிப் பள்ளில விவசாயிங்க இந்த மாதிரி தொட்டி வச்சுத்தான் கத்துகிட்டாங்க, யாரும் வந்து பாடம் எடுக்கல. அதுக்கு முன்னாடி 1986ல அங்க புகையான் தலைவிரிச்சு ஆடினப்ப, அரசாங்கமே நெல்லுக்கு அடிக்கிற 57 வகை பூச்சிமருந்துக்கு தடை போட்டுச்சு. மருந்து கொறைஞ்சா நெல்லு போயிடும்னு பயந்தாங்க, போகல.

மருந்து அடிச்சா ஏன் புகையான் கூடுதுன்னு இப்ப உங்களுக்கே புரியும். முட்டை தண்டுக்குள்ள பத்திரமா இருக்கு, ஒரு வாரம் பத்து நாள்ல பொரிக்கும், ஒரு தாய் நூத்துக்கணக்குல வைக்கும், சிலந்தி திரும்ப அந்த அளவுக்கு வர பல வாரம் ஆகும். அந்த இடைவெளில பொரிச்சது எல்லாம் காவல் இல்லாத வீட்டுல வளருது. அதுவும் பைரித்திராய்டுன்னு ஒரு வகை பூச்சிமருந்து இருக்கு, அதுல சிலதை அடிச்சா புகையான் முன்னை விட அதிகமா பெருகும், அதனால அதை நெல்லுக்குத் தவிர்க்கச் சொல்லியே வேளாண்மை பல்கலைக்கழகம் எழுதி வச்சிருக்கு. யூரியாவ அள்ளிக் கொட்டினாலும் இதே கதிதான், தண்டு சாறு சத்தா இருக்கும், பூச்சி நல்லா பெருகும்.

படி 7: எப்ப தலையிடணும்

ஒண்ணுமே செய்யாதீங்கன்னு நான் சொல்லல. கணக்கு இருக்கு. ஒரு தூருக்கு, அதாவது குத்துல இருக்குற ஒரு தண்டுக்கு, ஒரு புகையான் வந்தா நடவடிக்கை எடுக்கணும், ஆனா குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தா தூருக்கு ரெண்டு வரைக்கும் பொறுக்கலாம். இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா சிலந்திக்கும் அதுல ஒரு மதிப்பு போட்டிருக்காங்க. நீங்க நாலாம் படில எண்ணி வச்சது இங்கதான் உதவும். அதைத் தாண்டிட்டா முதல்ல தண்ணிய வடிங்க, அடித்தண்டுல காத்தும் வெயிலும் படட்டும். நடும்போதே எட்டடிக்கு ஒரு அடி இடைவெளி (பட்டம்னு சொல்வோம்) விட்டிருந்தா இந்த வேலை பாதி முடிஞ்ச மாதிரி. அப்பவும் அடங்கலன்னாதான் மருந்து, அதுவும் பாதிப்பு இருக்குற எடத்துல அடித்தண்டுக்கு மட்டும்.

படி 8: வரப்பும் வயல்தான்

வரப்பை மொட்டையா செதுக்கி வைக்கிறது சுத்தம்னு நம்ம ஊர்ல ஒரு நெனப்பு. அந்தப் புல்லுலதான் சிலந்தி குடியிருக்கு. கதிர் வர்ற நேரத்துல வரப்புப் புல்லு பூத்து விதை புடிக்காம மேலாப்புல அறுத்துவிடுங்க, இல்லன்னா கதிர் நாவாய்ப்பூச்சி அதுல வளந்து பால் புடிக்கிற நெல்லுக்குத் தாவும். ஆனா அடியோட சொரண்டாதீங்க. தட்டப்பயறு, எள்ளு, செண்டுமல்லி வரப்புல போடுங்க, அந்தச் சின்ன குளவிங்களுக்கு பூந்தேன் வேணும், தேன் குடிச்சா அதிக நாள் உயிரோட இருக்கும். சீனா, வியட்நாம், தாய்லாந்துல வரப்புல பூச்செடி போட்டுப் பார்த்ததுல மருந்தடிக்கிறது 70 சதவீதம் கொறஞ்சு, மகசூலும் கொஞ்சம் கூடியிருக்கு.

போட்டிய பார்க்கணும்னா களைய பாருங்க. நெல் சக்களத்தின்னு பேரு வச்ச நம்ம ஆளுங்களுக்கு எவ்வளவு கண்ணு! சின்னதுல நெல்லு மாதிரியே நிக்கும், உரத்தையும் வெளிச்சத்தையும் பங்கு போட்டுக்கும். இலை தண்டோட சேருற மூட்டைப் பிரிச்சுப் பாருங்க, நெல்லுல வெள்ளையா ஒரு சவ்வு நீட்டிகிட்டு இருக்கும், சக்களத்தில இருக்காது. கை களை எடுத்த தலைமுறை தலைமுறையா நெல்லு மாதிரி இருந்த செடி மட்டும் தப்பிச்சு தப்பிச்சு இப்படி ஆகியிருக்கு, அதை அப்படி வளத்தது நம்ம கைதான்.

தண்ணில மிதக்குற அசோலாவையும் ஒண்ணு எடுத்துப் பாருங்க. அதோட இலைக் குழிக்குள்ள நீலப்பச்சைப் பாசி ஒண்ணு குடியிருக்கு, அது காத்துலேர்ந்து தழைச்சத்தைப் புடிச்சு செடிக்குக் கொடுக்கும், செடி அதுக்கு வீடு கொடுக்கும். ரெண்டு பேருக்கும் லாபம்.

படி 9: பெரிய ஆளுங்க

ராத்திரி ஒரு தடவையாவது டார்ச்சோட போங்க, துணைக்கு ஆளோட. தவளை சத்தம் எத்தனை விதம்னு கேளுங்க. ஒரு காலத்துல தவளைக்கால் ஏத்துமதின்னு மூட்டை மூட்டையா புடிச்சுட்டுப் போனாங்க, 1987ல அரசாங்கம் அந்த ஏத்துமதிய நிறுத்துச்சு. பூச்சி திங்குற ஆளை வெளிநாட்டுக்கு வித்துட்டு பூச்சிக்கு மருந்து வாங்குறதுல என்ன கணக்கு இருக்கு?

வயலுக்குள்ள அங்கங்க பனை மட்டையையோ டி மாதிரி குச்சியையோ நட்டு வைங்க. பகல்ல ரெட்டைவால் குருவி உக்காந்து பறக்குற பூச்சியப் புடிக்கும், ராத்திரி கூகை உக்காந்து எலியப் பார்க்கும். கதிர் முத்த ஆரம்பிச்சதும் நான் புடுங்கிடுவேன், இல்லன்னா நெல்லுக்குருவி வந்து உக்காரும். வாய்க்கா ஓரத்துல நத்தைகுத்தி நாரை நின்னா கிட்ட போகாம பாருங்க, அலகு நடுவுல சந்து விட்டிருக்கும், நத்தைய உடைக்காமலே உள்ள இருக்குறதை உருவிடும்.

படி 10: அறுப்புக்கு அப்புறமும் போகணும்

இங்கதான் முக்கால்வாசி பேர் நோட்டை மூடிடுவாங்க. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே ஈரத்துல உளுந்து தெளிச்சிருப்போம். அது வளந்தப்புறம் ஒரு செடிய மண்ணோட தோண்டி வேரைக் கழுவுங்க, குட்டிக் குட்டி முடிச்சு இருக்கும், நகத்தால கீறுனா உள்ள இளஞ்செவப்பு. அதுக்குள்ள இருக்குற பாக்டீரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம். உளுந்து போடாத எடத்துல வாத்து மேய்க்கிறவங்க வருவாங்க, சிந்தின நெல்லும் நத்தையும் வாத்துக்கு, வாத்து எச்சம் வயலுக்கு. கோடைல ராமநாதபுரம் பக்கத்துலேர்ந்து ஆடு மேய்க்கிற கீதாரிங்க ஆட்டைக் கொண்டாந்து ராத்திரி வயல்ல அடைச்சு கிடை போடுவாங்க. ஆடு போட்ட புழுக்கையும் மூத்திரமும் அடுத்த சேடைல தண்ணில கரையும், பாசி புடிக்கும், அந்தப் பாசில அந்த ஈயோட புழு வரும். ரெண்டாம் படில தட்டுல பார்த்தீங்களே, அதேதான்.

சிலந்தி எங்க போச்சுன்னு தேடுங்க. வெடிச்ச மண்ணுக்குள்ள, வரப்புப் புல்லடில, வைக்கப்போருக்கு அடில இருக்கும். நான் அறுப்பு முடிஞ்சதும் நாலஞ்சு வைக்கோல் கட்டுங்களை வரப்போரமா போட்டு வச்சிடுவேன். ஜூன்ல மேட்டூர் தண்ணி வந்து, சேடை ஓட்டி, நாத்து நட்டு நாலஞ்சு நாள் ஆனதும் அந்தக் கட்டுங்களை மெதுவா தூக்கிட்டுப் போய் வயலுக்குள்ள உதறுவேன், அதுலேர்ந்து முட்டைப்பையோட சிலந்திங்க தண்ணி மேலயே ஓடி நாத்துல ஏறும்.